மணலுக்கு முந்தைய பத்தடி

"சென்னைக்கு வந்தால் கடலைக் கிட்டப் போய்ப் பார்க்க முடியுமா?"

இந்தக் கேள்வி வாட்ஸ்அப்பில் அடிக்கடி வருகிறது. கேட்பவர்களில் பாதிப் பேர் என்னைப்போல் சக்கர நாற்காலியில் இருப்பவர்கள். மீதிப் பேர் முட்டிவலிக்கார அம்மாவையோ பக்கவாதம் வந்த அப்பாவையோ ஒருமுறை ஊர் சுற்றிக் காட்ட ஆசைப்படும் பிள்ளைகள். எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொல்கிறேன்: முடியும். அப்புறம் அரை மணி நேரம் போனில் பேச வேண்டியிருக்கிறது. அந்த அரை மணி நேரப் பேச்சில் கடல் கொஞ்சம்தான் வரும். கடலுக்குப் போகிற வழியைப் பற்றித்தான் மீதியெல்லாம். அதை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் எனக்கும் போன் சார்ஜ் மிச்சமாகும்.

முதுகுத்தண்டில் அடிபட்ட நாளிலிருந்து நான் கையால் தள்ளும் நாற்காலியில்தான் இருக்கிறேன். தென்சென்னையில் வீடு. வெளியூரிலிருந்து வரும் நண்பர்கள், சொந்தக்காரர்கள் என்று யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். அவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டும் வேலை எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. விரும்பித்தான் செய்கிறேன்.

மெரினாவிலிருந்தே தொடங்கலாம். வருகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

மெரினாவின் அகலமான மணல்வெளி ஆதிகாலத்திலிருந்தே அப்படிக் கிடப்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதியில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். 1870களின் நடுவில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். 1881 நவம்பர் புயல் அந்தச் சுவர்களைச் சிதைத்தது, திரும்பவும் கட்டினார்கள். வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் அந்தச் சுவரில் முட்டி நின்று தெற்குப் பக்கம் சேர ஆரம்பித்தது. ஒருகாலத்தில் சாலைக்குப் பக்கத்திலேயே வந்து அடித்த அலை, வருடத்துக்கு வருடம் தள்ளிப் போனது. அந்தப் பக்கம் ராயபுரம், காசிமேடு கரையோ மணல் வராமல் அரித்துக்கொண்டே போனது. 1884இல் ஆளுநர் கிராண்ட் டஃப் கரையோரமாக உலாவும் பாதை போட்டு அதற்கு 'மெரினா' என்று பெயர் வைத்தார்.

இந்தக் கதையை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எனக்கும் தண்ணீருக்கும் நடுவில் கிடக்கும் சுமார் முந்நூறு மீட்டர் மணல், மனிதர்கள் கட்டிய ஒன்றால் வந்து சேர்ந்த மணல். ஆகவே அதன்மேல் ஒரு பாதை கேட்டால், "இயற்கையை நாம என்னம்மா செய்ய முடியும்?" என்று யாரும் கையை விரித்துவிட முடியாது. அந்தப் பதிலை நானே நேரில் கேட்டிருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

பாதை வருவதற்கு முன்னால் கடலுக்குப் போவது எப்படி இருந்தது என்றால், நாலு பேர் வேண்டும். காய்ந்த மணலில் நாற்காலியின் முன்சக்கரங்கள் இரண்டடிகூடப் போகாது, புதைந்து நின்றுவிடும். நாற்காலியைப் பின்பக்கமாகச் சாய்த்து, பெரிய சக்கரங்களில் மட்டும் நிற்க வைத்து, பின்னோக்கி இழுத்துக்கொண்டு போவார்கள். அதாவது கடலைப் பார்க்கப் போகிறவள் சாலையைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். இல்லாவிட்டால் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போவார்கள். சுற்றியிருப்பவர்கள் கல்யாண மாப்பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். தூக்குகிறவர்களில் ஒருவர் "ஒன்னும் வெயிட்டே இல்ல" என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொல்வார்.

அப்புறம் சில ஆண்டுகள், டிசம்பர் 3ஆம் தேதி உலக மாற்றுத்திறனாளிகள் தினத்தையொட்டி, மாநகராட்சி மணலில் தற்காலிகப் பாதை போட்டுத் தந்தது. சில நாள் இருக்கும், எடுத்துவிடுவார்கள். வருடத்தில் சில நாட்களுக்கு மட்டும் எங்களுக்குக் கடல் உண்டு என்று ஏற்பாடு. அந்த டிசம்பர் முதல் வாரமோ நம் ஊரில் புயல் சீசன். மழையில் நனைந்துகொண்டு "கடலுக்குப் போன" புகைப்படம் எங்களில் பலரிடம் இருக்கிறது.

நிரந்தரப் பாதை 2022 நவம்பர் 27 அன்று திறக்கப்பட்டது. விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே இருக்கிறது. நீளம் 263 மீட்டர், அகலம் 3 மீட்டர், மரப்பலகையால் ஆனது. செலவு ஏறத்தாழ 1.14 கோடி ரூபாய். சேப்பாக்கம்-திருவல்லிக்கேணி சட்டமன்ற உறுப்பினராக இருந்த உதயநிதி ஸ்டாலின் திறந்து வைத்தார். இரண்டு வாரம்கூட ஆகவில்லை. டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரையைக் கடந்தது. பாதையின் கடல் பக்கத்து முனை பெயர்ந்துபோனது. "கோடி ரூபாயைக் கடலில் கரைத்துவிட்டார்கள்" என்று சமூக வலைதளங்களில் கேலி பறந்தது. கேலி செய்தவர்களில் எத்தனை பேருக்குக் கடலோரம் போக ஒரு பாதை தேவைப்பட்டிருக்கும் என்று தெரியவில்லை. கடற்கரையில் எதைக் கட்டினாலும் புயலில் அடிபடும். மீன்பிடித் துறைமுகத்துச் சுவரும்தான் அடிபடுகிறது, திரும்பக் கட்டுகிறோம். பாதையையும் சரிசெய்து திரும்பத் திறந்தார்கள். இன்று பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையிலும் அதுபோல் ஒரு மரப்பாதை இருக்கிறது.

அந்தப் பாதையில் எப்படிப் போவது என்று சொல்லிவிடுகிறேன். பலகை பலகையாக இருப்பதால் முன்சக்கரம் தடதடக்கும். இடுப்புக்குக் கீழே தசை இறுக்கம் வருகிறவர்கள் காலைப் பட்டையால் கட்டிக்கொள்வது நல்லது. அந்த அதிர்வில் கால் மிதியிலிருந்து நழுவிவிடும். காற்று பலமாக அடித்த மறுநாள் பலகைமேல் மணல் ஏறிக் கிடக்கும். அதைப் பெருக்கிய பிறகு போவதே சுகம். சனி, ஞாயிறு சாயங்காலம் வேண்டவே வேண்டாம். பாதை முழுக்க நடப்பவர்களும் செல்ஃபி எடுப்பவர்களும்தான் இருப்பார்கள். அவர்கள்மேல் எனக்கு முழுக்கோபம் இல்லை. மணலில் நடக்க யாருக்குத்தான் பிடிக்கும்? தள்ளுவண்டியில் குழந்தையோடு வருகிற அம்மாவுக்கும் கைத்தடியோடு வருகிற தாத்தாவுக்கும் அந்தப் பாதை வேண்டும்தான். ஆனால் கைப்பிடியில் சாய்ந்து வரிசையாக நின்றுகொண்டு, "கொஞ்சம் வழி விடுங்க" என்று கேட்டால் நம்மை ஏதோ விளம்பரம் மாதிரி பார்க்கிறவர்களை என்ன செய்வது?

வார நாட்களில் விடியற்காலை போங்கள். கோடையில் பிற்பகலுக்குமேல் கடற்காற்று வந்துவிடும் என்று நம்பிப் பகலில் கிளம்பாதீர்கள். முதுகுத்தண்டில் மேல்பக்கம் அடிபட்டவர்களுக்கு, அடிபட்ட இடத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது. உடம்பு தன்னைத்தானே குளிரவைக்கத் தெரியாமல் சூடேறிக்கொண்டே போகும். தண்ணீர் தெளிப்பான் ஒன்றும் ஈரத்துண்டு ஒன்றும் இல்லாமல் மே மாதத்தில் நான் வாசலைத் தாண்டுவதில்லை. வீட்டுக்கு வந்ததும் நாற்காலிச் சக்கரங்களை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, முன்சக்கரத்துப் பேரிங்குக்கு எண்ணெய் விட வேண்டும். உப்புக்காற்றும் மணலும் சேர்ந்தால் ஒரே மாதத்தில் கீச்சுக் கீச்சென்று கத்த ஆரம்பித்துவிடும்.

சரி, பாதை இருக்கிறது. அந்தப் பாதையின் தொடக்கம்வரை எப்படிப் போய்ச் சேர்வது? போனில் பேசுகிற அரை மணி நேரமும் இங்கேதான் போகிறது.

விமான நிலையத்தில் இறங்குகிறவருக்கும் சென்ட்ரலில் இறங்குகிறவருக்கும் மெட்ரோ ரயில் நல்ல துணை. 2015 ஜூனில் கோயம்பேடு-ஆலந்தூர் தடத்தில் ஓட ஆரம்பித்தது முதல் அதில்தான் நான் யாருடைய கையையும் எதிர்பார்க்காமல் பயணம் செய்கிறேன். லிஃப்ட், அகலமான டிக்கெட் வாயில், பெட்டிக்குள் நாற்காலிக்கு இடம், பார்வையற்றவர்களுக்குத் தரையில் மஞ்சள் ஓடுகள் எல்லாம் இருக்கின்றன. ஒரே ஒரு விஷயம்: நிலையத்தின் எல்லா வாயிலிலும் லிஃப்ட் இருக்காது. எந்த வாயிலில் லிஃப்ட் இருக்கிறது என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வெளியே வந்தபிறகு ஆறு தடம் போகிற சாலையின் தப்பான பக்கத்தில் நிற்பீர்கள். மெரினாவுக்குக் கிட்டத்தில் இப்போதைக்கு அரசினர் தோட்டம் நிலையம். அங்கிருந்து கடற்கரைக்கு ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். அதற்கு ஆட்டோதான்.

வரைபடத்தைப் பார்க்கிறவர்கள், "ஏன், பறக்கும் ரயில் கடற்கரைக்குப் பக்கத்திலேயே போகிறதே?" என்று கேட்பார்கள். போகிறதுதான். 1995இல் கடற்கரை நிலையத்திலிருந்து சேப்பாக்கம்வரை ஓட ஆரம்பித்த தடம் அது. திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம் என்று நிலையங்களின் பெயரே ஆசை காட்டும். ஆனால் ரயில் ஓடுவது உயரத்தில். தரையிலிருந்து நடைமேடைக்கு ஏறுவதை லிஃப்டை நம்பித் திட்டமிட முடிகிற நிலைமை எனக்கு அங்கே கிடைத்ததில்லை. இருபது ஆண்டு இடைவெளியில் ஒரே ஊரில் கட்டிய இரண்டு ரயில்கள். ஒன்றில் நான் பயணி; இன்னொன்றில் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவள்.

பேருந்தைப் பொறுத்தவரை, சென்னையில் தாழ்தளப் பேருந்து தானாக வந்துவிடவில்லை. வைஷ்ணவி ஜெயக்குமார் போன்ற உரிமைச் செயற்பாட்டாளர்கள் உயர் நீதிமன்றம்வரை போய் வருடக்கணக்கில் வழக்கு நடத்தினார்கள். சாதாரணப் பேருந்தின் தரை ஏறக்குறைய 900 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும். தாழ்தளப் பேருந்தில் அது 400 மில்லிமீட்டர். நிறுத்தத்தில் பேருந்தின் உடம்பே ஒரு பக்கம் இறங்கிக் கொடுக்கும்; நடுவாயிலில் மடக்கிவைத்த சாய்தளத்தைக் கீழே இறக்கினால் நாற்காலி ஏறிவிடும். 2024 ஆகஸ்டில் மாநகரப் போக்குவரத்துக் கழகம் இவற்றைத் திரும்ப ஓடவிட்டது. 2025இல் வியாசர்பாடியிலிருந்து தாழ்தள மின்சாரப் பேருந்துகளும் வந்தன. முதல்முறை ஏறியபோது நடத்துநர் இறங்கிவந்து சாய்தளத்தை விரித்துவிட்டு, "எங்க போகணும் மேடம்?" என்று கேட்டார். எல்லாப் பயணியிடமும் கேட்கிற அதே குரல். அந்த நாள் முழுக்க எனக்கு அது போதுமாக இருந்தது.

ஆனால் பேருந்து நடைபாதையை ஒட்டி நின்றால்தான் சாய்தளம் சரியாக விழும். நிறுத்தத்தில் நாலு ஆட்டோவும் ஒரு இளநீர் வண்டியும் நின்றால் பேருந்து நடுரோட்டில் நிற்கும்; அங்கிருந்து சாய்தளத்தை இறக்கினால் செங்குத்தாக இருக்கும். பத்தடி என்று தலைப்பில் சொன்னேனே, அது இதுதான். பேருந்து ஒரு துறை, நிறுத்தம் இன்னொரு துறை, நடைபாதை வேறொரு துறை, சாலையோ சில இடங்களில் நான்காவது துறை. ஒவ்வொருவரும் தங்கள் பங்கை ஓரளவு நன்றாகவே செய்திருக்கிறார்கள். அவை ஒன்றோடொன்று சேரும் இடம் மட்டும் யாருடைய கோப்பிலும் இல்லை. பேருந்திலிருந்து நடைபாதைக்குப் பத்தடி. மெட்ரோ லிஃப்டிலிருந்து ஆட்டோவுக்குப் பத்தடி. சாலையிலிருந்து மரப்பாதைக்குப் பத்தடி. என் பயணங்கள் இந்தப் பத்தடிகளில்தான் நின்றுபோயிருக்கின்றன. நடுவில் கிடக்கும் கிலோமீட்டர்களில் எனக்கு ஒரு சிக்கலும் வந்ததில்லை.

நடைபாதைக் கம்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பைக் ஏறாமல் இருக்க நடைபாதை முனையில் குட்டைக் கம்பங்களை நட்டுவைக்கிறார்கள். நியாயமான நோக்கம். சில இடங்களில் அவற்றை எவ்வளவு நெருக்கமாக நடுகிறார்கள் என்றால் பைக்கும் போகாது, நானும் போக முடியாது. பைக்காரர் பக்கத்துக் கடை வாசல் சரிவில் ஏறிப் போய்விடுவார். நான் போக்குவரத்துக்கு நடுவே சாலையில் உருள்வேன். நாற்காலி நுழைய 900 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். கம்பம் நடுகிறவரிடம் ஒரு அளவுநாடா இருந்தால் போதும்.

சாய்தளத்துக்கும் ஒரு கணக்கு உண்டு: ஓரடி உயரம் ஏற வேண்டுமென்றால் பன்னிரண்டடி நீளம். கடைகளும் ஹோட்டல்களும் மூன்று படிக்கட்டின்மேல் அப்படியே சிமெண்ட்டைப் பூசி "ராம்ப் இருக்கு" என்று சொல்லிவிடுகிறார்கள். அதில் ஏற நாலு பேர் தள்ள வேண்டும். இறங்கும்போது குலதெய்வத்தைக் கூப்பிட வேண்டும்.

இப்போது கழிப்பறை. இதைப் பற்றி எழுத வேண்டாம் என்று பலர் நினைப்பார்கள். வெளியே கிளம்பும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்கள் எனக்கு நிறையத் தெரியும். சிறுநீர்க்குழாய் பயன்படுத்துகிறவர்களுக்கு அது நேராகத் தொற்றில் கொண்டுபோய் விடும். சுற்றுலா இடம் ஒன்றில் மாற்றுத்திறனாளிக் கழிப்பறை என்று அழகான நீலப் பலகை இருந்தது. பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். திரும்பி வந்து திறந்தால், உள்ளே துடைப்பம், பினாயில் கேன், உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிகள். "யாரும் வர்றதில்ல, அதான்" என்றார். பூட்டி வைத்தால் யார் வருவார்கள்? நாற்காலி உள்ளே போய்த் திரும்ப 1500 மில்லிமீட்டர் வட்டம் வேண்டும். அந்த வட்டத்துக்குள்தான் துடைப்பங்கள் நிற்கின்றன.

தங்கும் இடத்தை முடிவு செய்யும்போதும் இதே கதைதான். "மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற அறை உண்டு" என்று போனில் சொன்ன ஒரு ஹோட்டலில், அறை வாசல் தாராளமாக இருந்தது, குளியலறைக் கதவோ அறுபது சென்டிமீட்டர். போகிற நண்பர்களுக்கு நான் சொல்வது: வார்த்தையை நம்பாதீர்கள், வீடியோ கேளுங்கள். குளியலறை வாசலில் நாடாவைப் பிடித்து எடுத்த படம் கேளுங்கள். கட்டிலின் உயரம் கேளுங்கள். வரவேற்பறையில் இருப்பவர் முதலில் சலித்துக்கொள்வார். அப்புறம் செய்து தருவார்.

இதுவரை என் நாற்காலியைப் பற்றியே பேசிவிட்டேன். கூட வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு ஊர் தெரிந்தது.

சிவகாசியிலிருந்து வந்த பெரியம்மா வாக்கர் பிடித்து நடப்பவர். அவருக்குப் பாதை பிரச்சினை இல்லை, உட்காரத்தான் இடம் வேண்டும். "ஏண்டி, இம்புட்டுப் பெரிய பீச்சுல உக்கார ஒரு திண்ணை இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். கடற்கரை நடைபாதையில் பெஞ்சு இல்லாமல் இல்லை. அவர் நடக்கிற தூரத்துக்குள் அடுத்த பெஞ்சு வரவில்லை, அவ்வளவுதான். கைப்பிடி இல்லாத, தாழ்வான கிரானைட் பலகையில் உட்கார்ந்தால் அவரால் எழுந்திருக்கவும் முடியாது. நாற்காலிக்காரிக்குக் குறுக்கே பெஞ்சு நின்றால் கோபம் வரும், வாக்கர்காரருக்குப் பெஞ்சு இல்லாவிட்டால் கோபம் வரும். இரண்டுக்கும் இடம் இருக்கிற அளவுக்கு மெரினா அகலம்தான்.

மதுரையிலிருந்து வரும் தோழிக்குப் பார்வை இல்லை, பள்ளி ஆசிரியை. அவளோடு மெரினாவுக்குப் போனால் நான் பார்க்காத மெரினாவை அவள் சொல்வாள். சுண்டல்காரப் பையன் "தேங்கா மாங்கா பட்டாணி சுண்டல்" என்று இழுக்கிற இழுப்பில் அவன் எத்தனை தூரத்தில் இருக்கிறான் என்று சொல்லிவிடுவாள். காலடியில் மணல் இறுகியதும், தண்ணீர் பக்கம் வந்துவிட்டோம் என்பாள். அவளுக்குக் குறை சிலைகளில்தான். 1959இல் வைத்த ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலையைப் பற்றி நான் என்ன வர்ணித்தாலும், "பாறையை நெம்புறவங்க தோள் எப்படி இருக்கும்னு தொட்டுப் பார்த்தா தெரிஞ்சிடும். இப்படி மேடை மேல ஏத்தி வெச்சா நான் என்ன பண்றது?" என்பாள். 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வைத்த சிலைகளும் அப்படித்தான், எல்லாம் பீடத்தின்மேல். ஒவ்வொரு சிலைக்கும் பக்கத்தில், கைக்கு எட்டுகிற உயரத்தில், ஒரு அடி வெண்கலப் பிரதி ஒன்று வைத்தால் என்ன? கூடவே பிரெயிலில் நாலு வரி. மரப்பாதையோடு ஒப்பிட்டால் பெரிய செலவாக எனக்குத் தோன்றவில்லை.

தரையில் பதிக்கும் மஞ்சள் ஓட்டைப் பற்றியும் அவள்தான் எனக்குச் சொன்னாள். ஜப்பானில் செய்இச்சி மியாகே என்பவர் 1965இல் உருவாக்கியது. 1967இல் ஒகயாமா நகரத்தில் முதலில் பதித்தார்கள். கோடு போட்ட ஓடு "இப்படியே போ" என்று சொல்லும். புள்ளி வைத்த ஓடு "நில், முன்னால் ஏதோ இருக்கிறது" என்று சொல்லும். நம் நடைபாதைகளில் சில இடங்களில் கோட்டு ஓடு நேராகப் போய் மின்பெட்டியில் முட்டுகிறது. "கொத்தனார் சரியாத்தான் போட்டிருக்கார். ட்ராயிங் போட்டவர்தான் கண்ணை மூடிட்டுப் போட்டிருக்கார்" என்று அவள் சிரித்துக்கொண்டு சொல்வாள். அந்த நகைச்சுவை அவளுக்குத்தான் வரும்.

அத்தை மகனுக்குக் காது கேட்காது. அவனுக்குச் சாய்தளமும் வேண்டாம், ஓடும் வேண்டாம். அதனால் அவனுக்கு ஒன்றும் தேவையில்லை என்று எல்லோரும் நினைத்துவிடுகிறார்கள். மெரினாவில் அலைக்குப் பக்கத்தில் போகிறவர்களைக் காவலர்கள் விசில் ஊதித்தான் திரும்பக் கூப்பிடுகிறார்கள். அங்கே கடல் எவ்வளவு ஆபத்தானது என்று சென்னைக்காரர்களுக்குத் தெரியும். விசில் கேட்காத ஒருவன் அலையைப் பார்த்துக்கொண்டு நின்றால்? ஒருமுறை காவலர் ஓடிவந்து தோளைப் பிடித்து இழுத்துத் திட்டினார். அவனுக்கு எதற்கென்றே புரியவில்லை. கொடியோ, விளக்கோ, கண்ணுக்குத் தெரிகிற ஏதாவது ஒன்று விசிலோடு சேர்ந்து வேண்டும்.

கடற்கரைச் சாலையில் நான் எல்லோரையும் தவறாமல் கூட்டிப்போகிற இடம், லேடி வில்லிங்டன் வளாகத்தில் இருக்கும் மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டீஸ். 2022இல் திறந்தார்கள். வீடு, சமையலறை, வேலை செய்யும் இடம் எல்லாவற்றிலும் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தக்கூடிய கருவிகளைத் தொட்டு, எடுத்து, பயன்படுத்திப் பார்க்கலாம். மாற்றுத்திறனாளிகளே நடத்தும் சிற்றுண்டிக் கடையும் உண்டு. பெரியம்மா அங்கே காய் நறுக்கும் பலகை ஒன்றைப் பார்த்துவிட்டு, "இது எங்க விக்கிது?" என்று கேட்டதிலிருந்து சிவகாசிக்குப் பார்சல் அனுப்புவதும் என் வேலையாகிவிட்டது.

மெரினா கலங்கரை விளக்கத்தில் லிஃப்ட் இருக்கிறது. உலகத்திலேயே சில கலங்கரை விளக்கங்களில்தான் அது உண்டு. ஒன்பதாவது மாடிவரை போகும். அதற்குமேல் குறுகலான படி. மேலிருந்து பார்த்தால் மெரினாவின் அகலம் கண்ணில் படும். அந்த மணல் எங்கிருந்து வந்தது என்று நான் முதலில் சொன்ன கதைக்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஒருநாள் கூடுதலாக இருந்தால் மாமல்லபுரம் போகலாம். எல்லோரும் கடற்கரைக் கோயிலுக்குத்தான் ஓடுவார்கள். அங்கே பாதை நன்றாக இருக்கிறது, கிட்டத்தில் போனதும் படிகள். எனக்குப் பிடித்தது அர்ச்சுனன் தபசு. ஏறக்குறைய 27 மீட்டர் நீளமும் 9 மீட்டர் உயரமும் உள்ள பாறை, தெருவோரத்திலேயே இருக்கிறது. காரிலிருந்து இறங்காமலே பெரியம்மா யானையையும், தவம் செய்கிற பூனையையும் பார்த்துவிட்டார். பல்லவன் ஏழாம் நூற்றாண்டில் செதுக்கியதை யாரும் படியேறாமல் பார்க்கலாம். சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில் வருகிற கோவளம் கடற்கரைக்கு 2021இல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது; சுத்தமான, பாதுகாப்பான கடற்கரைகளுக்குத் தரும் சர்வதேசச் சான்று அது. அந்தச் சான்றின் நிபந்தனைகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான வசதியும் உண்டு. மணலே வேண்டாம், கடல் மட்டும் போதும் என்றால் இன்னும் தெற்கே புதுச்சேரிக்குப் போய்விடுங்கள். அங்கே கடற்கரைச் சாலையில் சாயங்காலம் ஆறு மணிக்குமேல் வண்டிகளை விடுவதில்லை. சமதளமான தார்ச்சாலை, ஒரு பக்கம் கடல், குறுக்கே ஒரு பைக்கூட வராது. என் நாற்காலி இதுவரை ஓடிய சாலைகளிலேயே சுகமானது அதுதான். சென்னைக்காரியாக இதைச் சொல்லக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது.

கோயில்களைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: பல பெரிய கோயில்களில் சாய்தளமும் நாற்காலியும் வைத்திருக்கிறார்கள். சில இடங்களில் நம் நாற்காலியை வெளியே விட்டுவிட்டு அவர்களுடையதில் மாறி உட்காரச் சொல்வார்கள். நாற்காலி செருப்பு இல்லை என்று ஒரு கோயில் வாசலில் நின்று வாதாடினேன். சக்கரத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போகலாம் என்று ஒரு குருக்கள்தான் வழி சொன்னார்.

சட்டம் எங்கள் பக்கம்தான் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொது இடங்கள் எல்லோரும் அணுகும்படி இருக்க வேண்டும் என்கிறது. அளவுகளைச் சொல்லும் விதிகள் வெறும் பரிந்துரையாகவே கிடந்தன. ராஜீவ் ரத்தூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அப்படி இருக்க முடியாது, கட்டாயமான அடிப்படை விதிகளைப் பிரித்து வகுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கு 2005இல் தொடுக்கப்பட்டது. தொடுத்தவர் பார்வையற்றவர்.

இப்போது காமராஜர் சாலையில் கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் மெட்ரோவுக்காகத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். பூந்தமல்லியிலிருந்து வரும் தடம் அங்கேதான் முடியப்போகிறது. அது ஓட ஆரம்பித்தால் மெட்ரோவிலேயே கடற்கரை வந்து இறங்கிவிடலாம் என்று நண்பர்கள் இப்போதே நாள் பார்க்கிறார்கள். நானும்தான். ஆனால் கலங்கரை விளக்கத்திலிருந்து விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே இருக்கும் மரப்பாதைக்கு ஒரு கிலோமீட்டருக்குமேல் இருக்கிறது. புது நிலையத்தின் லிஃப்ட் சாலையின் எந்தப் பக்கம் வந்து திறக்கும்? அங்கிருந்து மரப்பாதைவரை நடைபாதை ஒரே மட்டமாக இருக்குமா, நடுவில் கம்பம் நடுவார்களா? இல்லை, நிலையத்துக்கு நேர் எதிரிலேயே இன்னொரு மரப்பாதை போடுவார்களா? இந்த மூன்று கேள்விகளையும் எழுதிச் சம்பந்தப்பட்ட இரண்டு அலுவலகங்களுக்கும் தனித்தனியாக அனுப்பியிருக்கிறேன். ஒன்றிலிருந்து பதில் வந்தது: கேள்வியை மற்ற அலுவலகத்துக்கு அனுப்பச் சொல்லி.